செல்லுக்குள் இரண்டு சவ்வு ஒன்றாவதற்குக் கூலி யார் தருவது?

ரங்கூனில் மருத்துவம் படிக்கும் ஒரு தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தமிழ் வகுப்பு முடிந்த கையோடு என்னைப் பிடித்துக்கொண்டான். பரீட்சையில் ஒரு சரி-தவறு கேள்வி வந்திருக்கிறது. "நரம்பு நுனியில் இருக்கும் நுண்பை, செல் சவ்வோடு ஒன்றாகக் கலக்கும் அந்தக் கணத்தில் ஏடிபி உடைய வேண்டும்." நுண்பை என்றால் நரம்புச் செய்தி ரசாயனம் நிறைந்த சின்னப் பை; ஏடிபி என்றால் செல் சக்திக்காக உடைத்துச் செலவழிக்கும் மூலக்கூறு. இவன் சரி என்று போட்டிருக்கிறான். மார்க் இல்லை.

"அண்ணே, புத்தகத்தில் என்எஸ்எஃப்ங்கிற புரதம் ஏடிபியை உடைக்குதுன்னு தெளிவா இருக்கு. அப்புறம் எப்படித் தப்பாகும்? இன்னொண்ணு, கௌசுவே குழம்புல ரெண்டு எண்ணெய்த் துளி தானாவே சேருதே. செல்லுக்கு மட்டும் எதுக்கு இத்தனை புரதம்?"

டீக்கடையில் பாதி சொன்னேன். மீதியை எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் தம்பி, இது உனக்கு. பாடத்தை இங்கிலீஷில் படித்து, பர்மியப் பேச்சில் கேட்டு, தமிழில் யோசிக்கும் உன்னைப் போன்ற மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் எண்ணெய்த் துளியை முடித்துவிடலாம். தேங்காய்ப்பால் கௌசுவே கிண்ணத்தில் மிதக்கும் துளிக்கு உள்ளேயும் எண்ணெய், விளிம்பிலும் எண்ணெய். தண்ணீர் அதற்கு ஆகாது. இரண்டு துளி சேர்ந்தால் தண்ணீரோடு உரசும் பரப்பு குறைகிறது. ஆகவே சேருவது லாபம், சேர்ந்துவிடுகிறது. செல் சவ்வு அப்படிப்பட்ட ஆள் இல்லை. அதில் உள்ள கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு வால். வால் எண்ணெய்க் குணம், தலைக்குத் தண்ணீர் என்றால் உயிர். இரண்டு வரிசையாக நின்று, வால்களை உள்ளே மறைத்து, தலைகளை இரண்டு பக்கமும் வெளியே காட்டிக்கொண்டிருக்கும். மொத்தக் கனம் 4 முதல் 5 நானோமீட்டர். ஒவ்வொரு தலையையும் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் போர்வைபோல் ஒட்டியிருக்கும்.

ஆக, இரண்டு சவ்வு எதிரெதிரே வரும்போது எண்ணெயும் எண்ணெயும் சந்திப்பதில்லை. ஒரு தண்ணீர்ப் போர்வையும் இன்னொரு தண்ணீர்ப் போர்வையும்தான் முட்டிக்கொள்கின்றன. போதாததற்கு, தலைகள் பலவற்றில் ஒரே மாதிரி நெகட்டிவ் மின்னூட்டம் வேறு. கடைசி இரண்டு மூன்று நானோமீட்டரைக் கடக்க அந்தத் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்ற வேண்டும். மூலக்கூறுகளின் சாதாரண வெப்ப ஆட்டம் அதற்குப் போதாது. அதைப்போலப் பல பத்து மடங்கு தேவை. இந்தத் தடை இருப்பதால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம் என்றும் சொல்லலாம். ஒரு பையில் அமிலம், ஒரு பையில் செரிமான நொதி, ஒரு பையில் இன்சுலின் என்று செல் தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கிறது. முட்டியதெல்லாம் சேர்ந்துகொண்டால் கணநேரத்தில் எல்லாம் ஒரே சாம்பார்.

தண்ணீரைப் பிழிந்த பிறகு நடப்பது மூன்று கட்டம். எதிரெதிரே இருக்கும் வெளி வரிசைகள் இரண்டும் ஒரு சின்னத் தண்டுபோல் இணைகின்றன. அது விரிந்து, உள் வரிசைகள் மட்டும் இன்னும் பிரிந்தே நிற்கும் அரைகுறை இணைவு ஒன்று வரும். அப்புறம் அதுவும் கிழிந்து துளை திறக்கும். பையில் இருந்தது வெளியே கொட்டும். பரீட்சைக்கு இந்த மூன்று போதும். கேட்க வேண்டிய கேள்வி, அந்த முதல் நெருக்கத்தை யார் உண்டாக்குகிறார்கள் என்பதுதான்.

பன்சோடான் துறையில் டலா படகு அணைவதைப் பார்த்திருப்பாய். நேராக வந்து ஒட்டிக்கொள்ளாது. கொஞ்ச தூரத்திலேயே ஒருவன் கயிற்றை வீசுவான், துறையில் நிற்பவன் பிடித்துக் கட்டுவான். அப்புறம் இழுவை. நடுவில் தொங்கும் பழைய டயர்கள் நசுங்கி முனகும். செல்லிலும் வரிசை இதுதான். தூரத்தில் வீசும் கயிறு, ராப் என்ற சிறு புரதங்களும் அவற்றோடு கைகோக்கும் நீளமான கட்டுப் புரதங்களும். எந்தப் பை எந்தத் துறைக்கு என்று பார்ப்பதில் பெரும் பங்கு இவர்களுடையது. டயர், நாம் சொன்ன தண்ணீர்ப் போர்வை. இழுவைதான் ஸ்நேர் புரதங்களின் வேலை. படகுத்துறைக்கும் செல்லுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: இங்கே இழுக்க ஆளே கிடையாது. கயிறு தானே முறுக்கிக்கொள்கிறது.

நாலு புரிக் கயிறு அது. நரம்பு நுனியை எடுத்துக்கொள். பையின் பக்கமிருந்து ஒரு புரி, அது சினாப்டோபிரெவின். செல் சவ்வின் பக்கமிருந்து மூன்று புரி: சின்டாக்சின் ஒன்று தரும், ஸ்நாப்-25 என்ற புரதம் ஒற்றை ஆளாக இரண்டு தரும். சினாப்டோபிரெவினும் சின்டாக்சினும் தம் வால்நுனியைத் தத்தம் சவ்வுக்குள் ஆணியடித்ததுபோல் ஊன்றியிருக்கின்றன. ஸ்நாப்-25 நடுவில் கொழுப்புச் சங்கிலிகளால் சவ்வில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

தனியாக இருக்கும்போது சினாப்டோபிரெவினும் ஸ்நாப்-25உம் வெந்த நூடுல்ஸ்போலத் தொளதொள. ஒன்றையொன்று பார்த்துவிட்டால் கதை மாறும். சவ்விலிருந்து தள்ளியிருக்கும் நுனியில் முதல் முறுக்கு விழுகிறது. அங்கிருந்து சவ்வை நோக்கி ஜிப் ஏறுவதுபோல் முறுக்கு நகர்கிறது. நகர நகர நாலு புரியும் விறைத்த சுருளாகி, 12 நானோமீட்டர் நீளமுள்ள ஒரே கம்பியாகிவிடும். ஆணியடித்த இரண்டு முனையும் கம்பியின் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. முறுக்கு அந்த முனைக்கு வந்து சேர வேண்டுமானால் இரண்டு சவ்வும் நெருங்கியே ஆக வேண்டும். டயர் நசுங்குவது அங்கேதான்.

இந்த முறுக்கு ஏன் இவ்வளவு ஆசையாக விழுகிறது? கம்பியின் நடுவே 16 அடுக்கு. பதினைந்தில் எண்ணெய்க் குணமுள்ள அமினோ அமிலங்கள் நாலு புரியிலிருந்தும் உள்பக்கமாக நீட்டி, பல்லோடு பல் கடித்ததுபோல் பொருந்தும். அவை தண்ணீரைவிட்டு ஒளிந்துகொள்ளத் துடிப்பவை. அந்தத் துடிப்புதான் இங்கே என்ஜின். நட்டநடு அடுக்கு மட்டும் விதிவிலக்கு: ஒரு அர்ஜினின், மூன்று குளூட்டமின். இந்த ஒற்றை அடுக்கை வைத்துத்தான் இன்றைக்கு எல்லா ஸ்நேர்களையும் ஆர் வகை, கியூ வகை என்று பிரிக்கிறார்கள். ஈஸ்ட் முதல் மனிதன் வரை பெரும்பாலும் இதே ஒன்றுக்கு மூன்று கணக்குதான். கொழுப்புச் சவ்வு எண்ணெய்க் குணத்தை உள்ளே மறைத்து நிற்கிறது, புரதம் தன் எண்ணெய்க் குணத்தை மறைக்கும் ஆசையால் அந்தச் சவ்வை உடைக்கிறது. முள்ளை முள்ளால் எடுப்பது.

இந்தக் கம்பி எவ்வளவு உறுதி என்பதை நான் ஒரு முட்டாள்தனத்தால்தான் கற்றேன். சிங்கப்பூரில் ஒரு ஆய்வகத்தில் இரண்டு வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்க ஜெல்லில் ஓட்டுவோம். அதற்கு முன் எஸ்டிஎஸ் என்ற சோப்பைக் கலந்து சாம்பிளைக் கொதிக்கவைக்க வேண்டும். அந்தச் சோப்பு பட்டாலே சாதாரணப் புரதக் கூட்டணி எல்லாம் கலைந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடும். ஒரு நாள் அவசரத்தில் கொதிக்கவைக்க மறந்துவிட்டேன். சின்டாக்சின் வர வேண்டிய இடத்தில் பட்டை மங்கலாக இருந்தது. அதற்கு எவ்வளவோ மேலே ஒரு கொழுத்த பட்டை. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று ஒரு பகல் முழுக்க அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்து, "கொதிக்கவெச்சியா?" என்று மட்டும் கேட்டார். மேலே நின்றது கெட்டுப்போன ஆன்டிபாடி அல்ல, நாலு புரியும் கலையாமல் நின்ற ஸ்நேர் கம்பி. வெறும் சோப்புக்கு அது மசியாது. கொதிக்கும் சூடு வேண்டும். மறுநாள் ஒரே சாம்பிளைக் கொதித்தது, கொதிக்காதது என்று பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்த்தேன். மேல் பட்டை காணாமல் போய், கீழ்ப் பட்டை தடித்து வந்தது. பத்துப் புத்தகம் சொல்லாததை அந்த இரண்டு கோடு சொல்லிற்று.

இதை நினைவில் வைத்துக்கொள். உடம்புக்குள் யாரும் கொதிக்கவைக்க முடியாது. அப்படியானால் ஒருமுறை முறுக்கிய கம்பியைத் திரும்ப அவிழ்ப்பது யார்? உன் பரீட்சைக் கேள்வியின் விடை அங்கேதான் இருக்கிறது. போவோம்.

இந்தப் புரதங்களைக் கண்டுபிடித்த வரலாறும் தெரிந்திருந்தால் குழப்பம் பாதி தீரும். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் ராண்டி ஷெக்மன், பீட்டர் நோவிக் இருவரும் ஈஸ்டைக் கையில் எடுத்தார்கள். சரக்கை வெளியே அனுப்ப முடியாத ஈஸ்ட், உள்ளேயே பைகளைக் குவித்துக்கொண்டு கனமாகும் என்று கணக்குப் போட்டு, அடர்த்தி வாரியாகப் பிரித்து, அடியில் தங்கிய செல்களைப் பொறுக்கினார்கள். எளிமையான யோசனை, 1980க்குள் 23 மரபணுக்கள் கிடைத்தன. ஜேம்ஸ் ரோத்மன் வேறு வழியில் போனார். செல்லை உடைத்து, சரக்கைப் பிரித்து அனுப்பும் அதன் கோல்கி உறுப்பைக் குழாயில் போட்டு, அங்கேயே பைப் போக்குவரத்தை நடக்கவைத்தார். என்இஎம் என்ற ரசாயனம் சேர்த்தால் அது நின்றது. அந்த ரசாயனத்துக்குப் பலியாகும் புரதத்தை 1988ல் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள்: என்எஸ்எஃப். அதற்கு உதவியாள் ஆல்ஃபா-ஸ்நாப். இந்த இரண்டையும் தூண்டிலாகப் போட்டு மாட்டு மூளைச் சாற்றில் மீன்பிடித்தபோது, 1993ல் மாட்டியவைதான் சின்டாக்சின், சினாப்டோபிரெவின், ஸ்நாப்-25. மூன்றும் நரம்பு நுனியில் இருப்பதாக முன்பே தெரிந்தவை. இன்ன வேலை செய்கின்றன என்றுதான் தெரியாமல் இருந்தது.

ஒரு எச்சரிக்கை. ஆல்ஃபா-ஸ்நாபில் இருக்கும் ஸ்நாப் வேறு, ஸ்நாப்-25ல் இருக்கும் ஸ்நாப் வேறு. இரண்டுக்கும் உறவு கிடையாது. பெயர் வைத்தவர்கள் செய்த அநியாயத்துக்கு மாணவர்கள் இன்றுவரை மார்க் இழக்கிறார்கள்.

தாமஸ் சூடாஃப் நரம்புப் பக்கத்திலிருந்து வந்தார். கால்சியத்தை உணரும் சினாப்டோடேக்மினையும், மங்க்18 என்ற புரதத்தையும் அவர் குழு துலக்கியது. அந்த மங்க்18, ஷெக்மன் ஈஸ்டில் முதன்முதலில் பிடித்த செக்1 மரபணுவின் உறவு. ரொட்டி உப்பவைக்கும் ஈஸ்டும் நம் மூளையும் ஒரே குடும்ப உருப்படியை வைத்துச் சரக்கு அனுப்புகின்றன. 2013ல் மூவருக்கும் சேர்த்து மருத்துவ நோபல். கம்பியின் படிக அமைப்பு 1998ல் வந்தது. அதே ஆண்டு ரோத்மன் குழு, வெறும் கொழுப்புப் பைகளில் ஸ்நேர்களை மட்டும் பதித்து, வேறு எந்தப் புரதமும் ஏடிபியும் இல்லாமல் அவை ஒன்றாகக் கலப்பதைக் காட்டியது. மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் நடந்தது.

மெதுவாக என்றேன் அல்லவா. நரம்புக்கு அது கட்டுபடியாகாது. கால்சியம் உள்ளே வந்து ஒரு மில்லி விநாடிக்குள் பை வெடித்துக் கொட்ட வேண்டும். அதற்குச் செல் செய்யும் தந்திரம்: முறுக்கைப் பாதிவரை விட்டுவிட்டு அங்கேயே நிறுத்திவைப்பது. மங்க்18 சின்டாக்சினைப் பிடித்து மூடி வைத்திருக்கும். மங்க்13 வந்து திறந்துவிடும். முறுக்கு பாதி ஏறும். காம்ப்ளெக்சின் என்ற சிறு புரதம் அந்தப் பாதிக் கம்பியில் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். நாண் இழுத்த வில்லைப்போல் பை காத்துக்கிடக்கும். மங்க்18 இல்லாமல் பிறந்த எலிகளை 2000ல் பார்த்தார்கள். மூளை உருவாகியிருந்தது, இணைப்புகள்கூட உருவாகியிருந்தன, ஆனால் ஒரு பைகூடக் கொட்டவில்லை. வரிசையில் இதைச் சும்மா உதவியாள் என்று எழுதிவிடாதே.

கால்சியம் இந்த இடத்தில் வருகிறது. பலர் கால்சியம்தான் சவ்வுகளை ஒட்டவைக்கும் பசை என்று நினைக்கிறார்கள். தவறு. ஓய்வில் நரம்பு நுனிக்குள் கால்சியம் வெளியே இருப்பதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். சவ்வில் கால்சியத்துக்கான வாசல் திறந்ததும் வாசலருகே மட்டும் அளவு நூறு மடங்குக்கும் மேல் எகிறுகிறது. பையில் இருக்கும் சினாப்டோடேக்மினுக்கு இரண்டு கை; ஒன்று மூன்று கால்சியத்தையும் மற்றது இரண்டையும் பிடிக்கும். பிடித்ததும் கைகள் எதிரே உள்ள சவ்வின் கொழுப்புக்குள் நுழைந்துகொள்ளும், தடை விலகும், மீதி முறுக்கு சட்டென்று விழும். ஒன்றுக்கு மேல் கால்சியம் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்பதை 1967லேயே தவளையின் நரம்பு-தசை இணைப்பில் கண்டிருந்தார்கள்: கால்சியத்தை இரட்டிப்பாக்கினால் கொட்டுவது இரண்டு மடங்கு அல்ல, கிட்டத்தட்ட 16 மடங்கு. ஒற்றைப் பை 40 நானோமீட்டர் அகலம்தான். அதில் சுமார் 70 சினாப்டோபிரெவின் இருக்கும், வேலைக்கு இறங்குவது சிலதான். ஒன்று போதும் என்று காட்டிய ஆய்வும் உண்டு, வேகமாக நடக்கக் குறைந்தது மூன்று வேண்டும் என்று காட்டிய ஆய்வும் உண்டு. வேகம் வேண்டிய இடத்தில் மூன்று என்பது எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஸ்நேர்தான் இழுவை என்பதற்கு எத்தனையோ ஆதாரம் இருந்தாலும், என்னைக் கேட்டால் மிகப் பெரிய சாட்சி விஷங்கள்தான். தட்டோன் பக்கம் எங்கள் ஊரில், நான் சின்னப் பையனாக இருந்தபோது, வயலில் காலில் ஆணி குத்திய ஒரு பெரியவருக்கு ஒரு வாரம் கழித்து வாய் பூட்டிக்கொண்டது. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், என்றார்கள். கதவு தட்டும் சத்தத்துக்குக்கூட உடம்பு வில்லாக வளையும். வீட்டுக்காரர்கள் ஜன்னலில் லுங்கி தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்து, எங்களைத் தெருவில் விளையாடக் கூடாது என்று விரட்டினார்கள். ஏன் என்று அப்போது புரியவில்லை.

ரணஜன்னிக் கிருமியின் விஷம் ஒரு கத்தரி. துத்தநாகம் பதித்த கத்தரி என்றே சொல்லலாம். காயத்தில் ஊறி, தசைக்குப் போகும் நரம்பு நுனியில் நுழைந்து, நரம்பு வழியே பின்னோக்கி ஏறித் தண்டுவடத்துக்குப் போய், அங்கே அடக்கும் நரம்புகளுக்குள் புகுந்து, சினாப்டோபிரெவினை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகிறது: 76ஆவது, 77ஆவது அமினோ அமிலங்களுக்கு நடுவே. அவ்வளவுதான். பை இருக்கிறது, கால்சியம் வருகிறது, கயிறு மட்டும் அறுந்துவிட்டது. தசையை "போதும், நிறுத்து" என்று அடக்கும் செய்தி போவதில்லை. அதனால் எல்லாத் தசையும் ஒருசேர இறுகும்.

காற்றுப் புகாத டப்பா, பாட்டில் உணவில் வளரும் இன்னொரு கிருமியின் விஷம் பொட்டுலினம். அதில் பி வகை வெட்டுவதும் அதே புரதத்தை, அதே 76க்கும் 77க்கும் நடுவே. ஆனால் அது தண்டுவடத்துக்கு ஏறாமல் தசை வாசலிலேயே தங்கி, "இறுகு" என்று சொல்லும் நரம்பை ஊமையாக்குகிறது. கண்ணிமை தொங்கும், விழுங்க வராது, மூச்சுத் தசை சோரும். ஒரே வெட்டு, ஒரே புள்ளி; ஒருவர் வில்லாக வளைகிறார், மற்றவர் துணியாகத் துவள்கிறார். வெட்டிய நரம்பு எது என்பதில்தான் எல்லாம். இந்த வெட்டை 1992ல் கண்டுபிடித்தார்கள், அதாவது ரோத்மன் தூண்டில் போடுவதற்குக் கொஞ்சம் முன்பே. இதே விஷத்தின் ஏ வகை ஸ்நாப்-25ன் கடைசி ஒன்பது அமினோ அமிலங்களை மட்டும் நறுக்குகிறது. 206ல் ஒன்பது போனதற்கே வாசல் மூடிவிடுகிறது, காரணம் அந்த ஒன்பதும் சவ்வை ஒட்டிய முனையில், ஜிப்பின் கடைசி ஏற்றத்தில் இருக்கின்றன. முகச் சுருக்கம் போக ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அது இந்த நறுக்கலேதான், மிகச் சிறிய அளவில்.

சரி, ஏடிபிக்கு வருவோம்.

பை கொட்டி முடிந்தது. இரண்டு சவ்வும் ஒன்றாகிவிட்டன. கம்பி இப்போது ஒரே சவ்வின் மேல், முழு முறுக்கோடு, பயன் தீர்ந்து கிடக்கிறது. எஸ்டிஎஸ் சோப்புக்கே மசியாத கம்பி. அப்படியே விட்டால் அடுத்த பைக்குப் புரி கிடைக்காது. இங்கேதான் என்எஸ்எஃப் வருகிறது. ஆறு உருப்படிகள் வளையமாகச் சேர்ந்த எந்திரம் அது. ஆல்ஃபா-ஸ்நாப் கம்பியைச் சுற்றிக் கட்டிக்கொள்ள, என்எஸ்எஃப் அதைப் பற்றி, ஏடிபியை உடைத்து உடைத்து முறுக்கைப் பிரித்துப் போடுகிறது. நான் ஜெல்லுக்குக் கொதிநீரில் செய்ததை அது 37 டிகிரியில் செய்கிறது. பிரிந்த புரிகளில் சினாப்டோபிரெவின் புதுப் பைக்குப் போகும், மற்றவை சவ்விலேயே அடுத்த படகுக்குக் காத்திருக்கும்.

ஆக, கூலி கொடுக்கப்படுவது முறுக்கும்போது அல்ல, அவிழ்க்கும்போது. எலிப்பொறியை நினைத்துக்கொள். பொறி அடிப்பதற்கு யாரும் கை வைக்க வேண்டாம். ராத்திரியே ஸ்பிரிங்கை இழுத்து வைத்தவருடைய கைவலிதான் காலையில் "டப்" என்று கேட்கிறது. என்எஸ்எஃப் இழுத்து வைக்கிறது. கால்சியம் கொக்கியைத் தட்டிவிடுகிறது.

நீ தப்புப் போட்டதற்காக வெட்கப்பட வேண்டாம். 1993ல் ஸ்நேர் கொள்கையை முன்வைத்தவர்களே, என்எஸ்எஃப் ஏடிபியை உடைப்பதுதான் இணைவை நடத்தும் கடைசி உதை என்று எண்ணினார்கள். அதைத் திருத்தியது, 1996ல் வில்லியம் விக்னரின் குழு ஈஸ்டின் குமிழறைகளை (வேக்குவோல்) வைத்துச் செய்த சோதனை. ஈஸ்டில் என்எஸ்எஃபின் பெயர் செக்18. அதன் வேலையைச் சவ்வுகள் ஒன்றையொன்று தொடுவதற்கு முன்பே முடித்துவிட்டால், அப்புறம் அது இல்லாமலே இணைவு நடந்தது. அதாவது அது முன்வேலை. வாசலில் ஏற்கெனவே தயாராக நிற்கும் பைகள் ஏடிபி இல்லாமலும் கொட்டும். அந்தக் கையிருப்பு தீர்ந்ததும் எல்லாம் நின்றுவிடும். பழ ஈயில் கோமடோஸ் என்று ஒரு வகை உண்டு. அதன் என்எஸ்எஃப் சூட்டில் கெட்டுப்போகும். 38 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஈ சுருண்டு விழுகிறது. அதன் நரம்புகளில் அவிழாத கம்பிகள் குவிந்து கிடக்கின்றன. கேள்வித்தாளில் "அந்தக் கணத்தில்" என்று ஒரு சொல் இருந்ததே, மார்க் போனது அதில்தான்.

பைக்குள் நரம்புக் கடத்தியை நிரப்பும் பம்புக்கும் ஏடிபி வேண்டும், மங்க்13 வேலைக்கு முன்னே சவ்வின் கொழுப்பைத் தயார் செய்யவும் வேண்டும். அதெல்லாம் தனிக் கணக்கு. சாப்பிட்டபின் கணையத்திலிருந்து இன்சுலின் வருவதும் இதே குடும்ப ஸ்நேர்களால்தான். மைட்டோகாண்ட்ரியா இரண்டு ஒன்றாவதோ ஸ்நேர் இல்லாத வேறு கதை. அங்கே ஜிடிபியை உடைக்கும் மைட்டோஃப்யூசின்கள்.

கடைசியாக நீ கேட்காத ஒன்று. மழைக்காலத்தில் ரங்கூனைப் படுத்தும் டெங்கு வைரஸும், ஃப்ளூ வைரஸும் நம் செல்லுக்குள் நுழைவது சவ்வு இணைவால்தான். அவற்றுக்கு என்எஸ்எஃப் கிடையாது, ஏடிபி தயாரிக்கவும் தெரியாது. ஃப்ளூவின் ஹீமக்ளூட்டினின், மூன்று உருப்படிகள் சேர்ந்து, நுனியில் இருக்கும் எண்ணெய்க் குணத் துண்டை வயிற்றுக்குள் மடித்து ஒளித்து, இழுத்து வைத்த ஸ்பிரிங்காகவே பிறக்கிறது. நம் செல் அதை உள்வாங்கி ஒரு பையில் போட்டு அந்தப் பையை அமிலமாக்கும்போது, அமில அளவு (pH) 5ஐ நெருங்கியதும் ஸ்பிரிங் விடுபட்டு, அந்தத் துண்டு எதிர்ச் சவ்வில் குத்துகிறது. அப்புறம் புரதம் பாதியில் மடிந்து, குத்திய முனையும் வைரஸ் பக்க முனையும் ஒரே பக்கம் வந்து சேர்கின்றன. டெங்குவின் உறைப் புரதம் வேறு உருவம், ஆனால் அமிலம் பட்டதும் குத்தி மடிவது அதே விதம். ஸ்நேரோடு இவற்றுக்கு வம்சத் தொடர்பு கிடையாது. ஆணியடித்த இரண்டு முனையையும் ஒரே பக்கம் கொண்டுவரும் தந்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒருமுறை மடிந்த ஹீமக்ளூட்டினினை யாரும் அவிழ்ப்பதில்லை, ஒரு தடவைப் பொறி. அதை முதலில் இழுத்து வைக்க ஏடிபி செலவழித்தது யார் என்று கேட்டால், போன வீட்டுக்காரர்: அந்த வைரஸ் எந்தச் செல்லில் உருவானதோ அந்தச் செல், தன் ரைபோசோமில், தன் கைக்காசில்.